பொய் கூறா நாவும் வஞ்சக அவையும்: ‘தி விக்கட் கிங்’ புதினத்தில் சொல்லும் அதிகாரமும்

முன்னுரை

முப்புதின வரிசைகளில் இடைநூல், தொடக்கத்தையும் முடிவையும் இணைக்கும் பாலமாக மட்டுமே கருதப்படுவது வழக்கம். அமெரிக்க எழுத்தாளர் ஹோலி பிளாக் இளையோருக்கென எழுதிய வரிசையின் இரண்டாம் நூலான ‘தி விக்கட் கிங்’ (2019) இவ்வழக்கிலிருந்து வேறுபடுகின்றது. ‘தி குரூயல் பிரின்ஸ்’ (2018) எழுப்பிய வினாவை இந்நூல் தலைகீழாக்கி, அதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. பொய் பேச இயலாத இனத்தாரின் அரசவையில் சொல் எவ்வாறு அதிகாரமாகின்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

நாட்டார் மரபும் புதின உலகும்

ஃபேரி எனப்படும் மாய இனத்தாரைப் பற்றிய ஆங்கில, ஸ்காட்லாந்து நாட்டார் மரபுகளே இப்புதினத்தின் அடித்தளம். கொன்றவரின் குருதியில் தொப்பியைத் தோய்க்கும் ‘ரெட்கேப்’, இரும்பின் மீதான அச்சம், ‘ஓராண்டும் ஒரு நாளும்’ என்னும் கால எல்லை ஆகியன அம்மரபு சார்ந்தவை. வால்டர் ஸ்காட் 1802இல் வெளியிட்ட தொகுப்பில் இடம்பெறும் தாமஸ் என்னும் பாடகனின் கதைப்பாடலில், மாய நாட்டின் அரசி அவனுக்குப் பொய் கூறா நாவைப் பரிசளிக்கின்றாள். அவனோ, அத்தகைய நாவுடன் சந்தையில் வணிகம் செய்வதும் பெருமக்களிடம் பேசுவதும் எங்ஙனம் என மறுக்கின்றான். வாய்மை அவையில் தடையாகும் என்னும் இக்கருத்தைப் பிளாக் மாற்றியமைக்கின்றார். இவருடைய மாய இனத்தார், பொய் பேசாமலேயே ஏமாற்றுவதில் வல்லவர்கள்.

வாய்மையும் உண்மையும்

உள்ளத்தின்பாற்பட்டது உண்மை, வாயின்பாற்பட்டது வாய்மை, உடலின்பாற்பட்டது மெய்மை எனத் தமிழில் விளக்குவர். இப்பாகுபாடு இப்புதினத்தை விளங்கிக்கொள்ளப் பெரிதும் துணைசெய்கின்றது. மாய இனத்தாரிடம் வாய்மை உண்டு. உண்மை இருந்தாக வேண்டும் என்னும் கட்டாயமில்லை. அவர்கள் கூறும் ஒவ்வொரு சொல்லும் சரியானது. கூறாமல் விடுவதிலேயே வஞ்சகம் ஒளிந்திருக்கின்றது.

கதைத்தலைவி ஜூட் மனிதப் பெண். தன் பெற்றோரைக் கொன்ற படைத்தலைவன் மேடாக்கின் வீட்டிலேயே வளர்ந்தவள். மாய ஆற்றலற்ற அவளுக்குப் பொய்யே படைக்கலம். முதல் நூலின் முடிவில் இளவரசன் கார்டானை ஓராண்டும் ஒரு நாளும் தன் ஆணைக்குக் கட்டுப்படச் சூளுரைக்க வைத்து, அவன் எதிர்பாராத வகையில் அவனையே அரியணையில் ஏற்றுகின்றாள். இரண்டாம் நூலில் அவள் அரசனின் முதன்மை அலுவலர். அரியணைக்குப் பின்னிருந்து ஆள்பவள்.

கடலரசி ஆர்லாவின் ஆட்சியில் ஜூட் சிறைப்படும் பகுதி இந்நூலின் உச்சம். முன்பு பெற்ற வரத்தால் மயக்கு அவளைத் தீண்டாது. அதனை மறைத்து மயங்கியவளாக நடிக்கின்றாள். அச்சம், பசி, வலி எதனையும் முகத்தில் காட்டக் கூடாது. இங்கு நா மட்டுமன்றி உடலும் பொய்யுரைக்க வேண்டியுள்ளது. வாய்மையை முன்னரே துறந்தவள் மெய்மையையும் இழக்கும் நிலை இது. பொய்யின் விலையை ஆசிரியர் அறவுரையாகக் கூறாமல், உடல் படும் துன்பமாகக் காட்டுவது சிறப்பு.

பொய்யரும் ஏமாறும் இடம்

பொய்யால் வென்றவள் இரு முறை தோற்கின்றாள். இரட்டைச் சகோதரி டாரின், ஜூட்டைப் போல் உடுத்திச் சென்று, மேடாக்கை அரசனுக்குரிய கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கச் செய்கின்றாள். பொய் பேசும் ஆற்றல் ஜூட்டுக்கு மட்டும் உரியதன்று என்பது அப்போது புலனாகின்றது. பேலகினைக் கொன்றதற்காகக் கார்டான் அவளை நாடுகடத்துவது அடுத்த தோல்வி. மணிமுடி மன்னிக்கும் வரை திரும்பலாகாது என்பதே ஆணை. அவனை இரகசியமாக மணந்து அரசியான அவளே அம்மணிமுடியில் பங்குடையவள். தன்னைத் தானே மன்னித்துக்கொள்ள இயலும். இப்பொருள் மூன்றாம் நூலான ‘தி குவீன் ஆஃப் நத்திங்’ (2019) வழியாகவே தெளிவாகின்றது. பொய்யில் தேர்ந்தவள், சொல்லப்பட்ட உண்மையைச் செவிமடுக்கத் தவறுகின்றாள். தன்மைக் கூற்றில் நிகழ்காலத்தில் கதை நகர்வதால், வாசகரும் அவளுடன் சேர்ந்தே ஏமாறுகின்றனர். இவ்வுத்தி கருப்பொருளோடு முழுமையாக இயைந்துள்ளது.

குறையும் உண்டு. மயக்கப்பட்டு ஏவல் செய்யும் மனிதரின் அவலம் முதல் நூலில் கூர்மையாக எழுப்பப்பட்டது. ஜூட் மீட்க முயன்ற பெண்ணொருத்தி கடலில் மாய்ந்தாள். இரண்டாம் நூலில் அரியணைப் போட்டி முன்னிற்க, அவ்வினா பின்தள்ளப்படுகின்றது. ஆட்சியைக் கைப்பற்றிய மனிதப் பெண் தன் இனத்தாருக்கு என்ன செய்தாள் என்னும் கேள்விக்கு நூல் போதிய விடை தரவில்லை.

முடிவுரை

எளியோரின் படைக்கலமாகப் பொய்யை ஏற்றுத் தொடங்கும் இவ்வரிசை, அதிகாரம் கைவந்தபின் அப்படைக்கலம் ஏந்தியவரையே தனிமைப்படுத்துவதை இரண்டாம் நூலில் காட்டுகின்றது. சொல் பிழையற்றிருப்பதால் மட்டும் நேர்மை அமைவதில்லை. பிறரை நம்ப இயலாதவருக்கு உண்மையும் பயன்படுவதில்லை. இளையோர் இலக்கியத்தைப் பொழுதுபோக்காக மட்டும் கருதி ஆய்வுலகம் ஒதுக்கிவிடலாகாது என்பதற்கு இப்புதினம் தக்க சான்றாகும்.