ரங்கூனின் எண்பதுகள் எந்தப் படத்தில் இருக்கின்றன?

எண்பதுகளின் படம் என்றதும் பலர் உடையைப் பார்க்கிறார்கள். தொளதொளத்த சட்டை, டிஸ்கோ விளக்கு, ‘விக்ரம்’ படத்துக் கம்ப்யூட்டர். இவை அந்தப் பத்தாண்டின் மேல்பூச்சு. நான் பார்ப்பது வேறு: படத்தில் வரும் மனிதர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள்? 1980 தீபாவளிக்கு ‘வறுமையின் நிறம் சிவப்பு’, ‘நிழல்கள்’ இரண்டும் ஒரே நாளில் வந்தன. இரண்டிலும் படித்த இளைஞர்கள் வேலைக்குக் காத்திருந்தார்கள். மறு ஆண்டு ‘தண்ணீர் தண்ணீர்’ படத்தில் அத்திப்பட்டி ஜனங்கள் குடிதண்ணீருக்குக் காத்திருந்தார்கள். 1988-ல் வந்த பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தில் சுதா ஒரு கூரைக்குக் காத்திருந்தாள்.

நான்கில் ‘வீடு’தான் என் மனதுக்கு மிக நெருக்கம். குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். கையில் ஒரு துண்டு நிலம் இருக்கிறது. கட்டிவிடலாம் என்று ஓர் அலுவலகப் பெண் துணிகிறாள். அவ்வளவுதான் கதை. அதற்குப் பிறகு படம் முழுக்கச் செங்கல், சிமெண்ட், கடன் விண்ணப்பம், ஏமாற்றும் காண்ட்ராக்டர். பாட்டு கிடையாது. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பின் இசை அங்கங்கே வந்து போகிறது. பாதி எழும்பிய சுவர்களைத் தொட்டுப் பார்த்தபடி நடக்கும் சொக்கலிங்க பாகவதரின் முகத்தில் சென்னையின் ஒரு தலைமுறையே தெரியும். கடைசியில் அந்த நிலமே தங்களுடையது என்று குடிநீர் வாரியம் சொல்கிறது. பாலு மகேந்திரா பத்தாண்டைப் பதிவு செய்யவேண்டும் என்று கிளம்பியவர் அல்லர். ஒரு வீடு எப்படி எழும்புகிறது என்று பொறுமையாகப் பார்த்தார். பார்த்த இடத்தில் காலம் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

யாங்கூனுக்கு இதே அளவுகோலைக் கொண்டுவந்து பார்க்கிறேன். 1989-க்கு முன் ரங்கூன் என்பதுதான் இந்த நகரத்தின் பெயர். ஆகவே எண்பதுகளைப் பேசும்போது அப்படியே சொல்கிறேன். இரண்டாம் உலகப் போருக்கு முன் உலகுக்கே அரிசி அனுப்பிய துறைமுகம் இது. 1980-ல்தான் இங்கே தொலைக்காட்சி வந்தது. 1985 நவம்பரில் 20, 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். 1987 செப்டம்பர் 5 அன்று 25, 35, 75 சாட் நோட்டுகளும் போயின. இம்முறை மாற்றித் தரவும் இல்லை. பதிலுக்கு ஒன்பதால் வகுபடும் 45, 90 சாட் நோட்டுகள் வந்தன. அரிசிப் பானையிலும் மெத்தைக்கு அடியிலும் சேர்த்து வைத்தவர்கள் ஒரே நாளில் வெறுங்கையர்கள் ஆனார்கள். அந்த டிசம்பரில் ஐ.நா. இந்த நாட்டை மிகவும் பின்தங்கிய நாடுகளின் வரிசையில் சேர்த்தது.

அடுத்த மார்ச்சில் நடந்ததைத் திரைக்கதை ஆசிரியர் ஒருவர் கற்பனையாக எழுதியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம். 1988 மார்ச் 12 இரவு, ரங்கூன் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் பக்கத்தில் சந்தா வின் என்ற தேநீர்க்கடை. கடையின் டேப் ரெக்கார்டரில் எந்தப் பாட்டு ஓடவேண்டும் என்று மாணவர்களுக்கும் அந்தப் பகுதி இளைஞர்களுக்கும் வாக்குவாதம். அது கைகலப்பாகி ஒரு மாணவருக்குக் காயம். அடித்தவன் அதிகாரி வீட்டுப் பிள்ளை என்பதால் விட்டுவிட்டார்கள். மறுநாள் மாணவர்கள் திரண்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் போன் மோ என்ற மாணவர் இறந்தார். மூன்று நாள் கழித்து இன்யா ஏரிக்கரையில் ரத்தம். ஜூலை 23-ல் நாட்டை ஆண்டுவந்த நே வின் பதவி விலகினார். ஆகஸ்ட் 8-ல் நகரமே தெருவுக்கு வந்தது. செப்டம்பர் 18-ல் ராணுவம் ஆட்சியை மீண்டும் கையில் எடுத்தது. இத்தனைக்கும் முன்னால் இருந்தது ஒரு கேசட். எண்பதுகளின் ஆன்மாவை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் காட்சி எனக்குத் தெரியாது.

அந்தக் காட்சியை எடுத்த படம் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. ரங்கூன் விஷயத்தில் ரசிகனின் துயரம் இதுதான். இங்கேயே எடுத்த படங்களில் மண் இருக்கிறது, முகங்கள் இருக்கின்றன, நடந்தது இல்லை. வெளியே எடுத்த படங்களில் நடந்தது இருக்கிறது, மண் இல்லை. ‘வீடு’ படத்தில் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. ரங்கூனுக்கோ இரண்டையும் தனித்தனியே தேடிச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

முதலில் மண் உள்ள படம். 1985-ல் மவுங் டின் ஊ இயக்கிய ‘திங்ஜான் மோ’, அதாவது தண்ணீர்த் திருவிழாவின் மழை. நே ஆங், கின் தான் நு, ஜின் வைங், மே தான் நு நடித்தது. ஓர் இசைக்கலைஞனின் காதலையும் வாழ்க்கையையும் 1959-லிருந்து 1982 வரை தொடரும் கதை. கதை மாந்தலேயில் நடந்தாலும் யாங்கூன்காரர்களுக்கும் இது தங்கள் படம்தான். ஏப்ரல் வந்தால் தொலைக்காட்சியில் இதைப் போடுவார்கள். வீட்டில் ஆளாளுக்கு வேலை பார்த்துக்கொண்டே பாட்டு வரும் இடத்தில் மட்டும் வந்து நிற்பார்கள்.

இந்தப் படத்தின் பெரிய அழகு, அது காலத்தை அளக்கும் விதம். ஆண்டுகள் ஆட்சிகளால் நகர்வதில்லை, திருவிழாவால் நகர்கின்றன. 1959-க்கும் 1982-க்கும் நடுவில்தான் 1962 மார்ச் 2 வருகிறது, ராணுவம் நாட்டைப் பிடித்த நாள். கதையை முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்கிப் படமெடுத்த காலத்தில் மவுங் டின் ஊ அந்த நாளின் மேல் கேமராவை வைத்திருக்க முடியாது. அவர் வைத்தது பந்தல்களின் மேலும் பாட்டுக்காரர்களின் மேலும். ஆனாலும் இளமையில் ஒரு திங்ஜான், நரைத்த பிறகு ஒரு திங்ஜான் என்று பார்க்கும்போது, நடுவில் போன வருஷங்கள் எங்கே என்ற கேள்வி பார்ப்பவர் மனதில் எழத்தான் செய்யும். ஒரு நாடு எதை இழந்தது என்று அந்த ஆண்டுகளில் வெளிப்படையாகக் கேட்க வழியில்லை. ஒரு கலைஞன் எதை இழந்தான் என்று கேட்கலாம். படம் அதைக் கேட்டது. 1985-ல் அரங்கில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் தங்கள் சொந்தக் கணக்கையும் கூடவே போட்டுப் பார்த்திருப்பார்கள் என்றே நம்புகிறேன்.

அந்தப் பந்தல்களுக்கும் பாட்டுக்கும் பின்னால் மாந்தலேயின் நிஜ மரபு இருக்கிறது. 1925-ல் தொடங்கிய மியோமா இசைக்குழுவும், அதன் இசையமைப்பாளர் மியோமா நியெய்னின் திங்ஜான் பாட்டுகளும், வெள்ளி அன்னம் பூட்டிய ஊர்வல வண்டியும் அங்கே திருவிழாவின் உயிர். ஏப்ரலின் முதல் மழைக்குப் படௌக் மரம் ஒரே நாளில் பொன்னாகப் பூத்துவிடும். பெண்கள் அதைக் கொண்டையில் வைப்பார்கள். நம் குறிஞ்சி நிலத்து வேங்கைக்கு அது நெருங்கிய சொந்தம். சித்திரைப் பிறப்பும் திங்ஜானும் ஒட்டி ஒட்டி வருவதால், யாங்கூன் தமிழர்களுக்கு இந்தப் படத்தின் பருவம் அந்நியப் பருவமே அல்ல.

அதே 1985-ல் வங்கக் கடலின் அந்தக் கரையில் கே. பாலசந்தர் ‘சிந்து பைரவி’யை எடுத்தார். அங்கும் ஓர் இசைக்கலைஞன், அங்கும் காதல், அங்கும் வீழ்ச்சி. ஒன்றையொன்று அறியாத இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பார்ப்பது பெரிய அனுபவம். ‘சிந்து பைரவி’யின் பாடகர் ஜே.கே.பி.யைச் சுற்றி எல்லாரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். சிந்து தெருவில் போகிறவனுக்குப் புரியும் பாட்டு வேண்டும் என்று சபையிலேயே வாதாடுகிறாள். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை அந்தப் படத்தின் ஒவ்வொரு வசனத்திலும் இருக்கிறது. பர்மியப் படமோ பேச்சை நம்பவில்லை, பாட்டை நம்பியது. எண்பதுகளில் இரண்டு கரைகளும் எப்படி இருந்தன என்பதற்கு இந்த ஒரு வித்தியாசம் போதும்.

இனி, நடந்தது உள்ள படங்கள். ஜான் பூர்மனின் ‘பியாண்ட் ரங்கூன்’ 1995-ல் வந்தது. கணவனையும் மகனையும் பறிகொடுத்த ஓர் அமெரிக்க மருத்துவர் (பட்ரிஷியா ஆர்க்வெட்) 1988-ல் சுற்றுலாவாக வருகிறாள்; பாஸ்போர்ட் தொலைந்து நாட்டுக்குள் மாட்டிக்கொள்கிறாள். படமெடுத்தது மலேசியாவில். ஆகவே பகோடாக்கள் கலை இயக்குநரின் பகோடாக்கள். ஜனநாயகப் போராட்டத் தலைவி ஆங் சான் சூகி குறிபார்த்த துப்பாக்கிகளுக்கு நடுவே நடந்து செல்லும் புகழ்பெற்ற காட்சி இதில் ரங்கூன் இரவில் வருகிறது. நிஜத்தில் அது 1989 ஏப்ரல் 5-ல் ஐராவதி டெல்டாவின் தனுபியு ஊரில் நடந்தது. சினிமாவுக்கு அந்த உரிமை உண்டு, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. வெளிநாட்டுப் பெண்ணின் துயரத்தை ஆற்றுவதற்கு ஒரு நாட்டின் துயரம் மருந்தாவதுதான் என்னை உறுத்துகிறது.

ஆனாலும் நான் இந்தப் படத்தை விடுவதாக இல்லை. காரணம் ஒரே ஒரு முகம், ஊ ஆங் கோ. நாட்டைவிட்டு வெளியேறி பிரான்சில் வாழ்ந்த பர்மியர் அவர். படத்தில் தன் பெயரிலேயே, வேலை போன பேராசிரியராக, பிழைப்புக்குச் சுற்றுலா வழிகாட்டியாகக் கார் ஓட்டுகிறவராக வருகிறார். தொழில்முறை நடிகர்கள் கோபத்தைக் காட்டும் இடங்களில் அவர் பணிவாகச் சிரிக்கிறார். பெரிய துன்பத்தையும் விருந்தாளியின் மனம் நோகாதபடி தணிந்த குரலில் சொல்லும் இந்த ஊர்ப் பெரியவர்களைப் பழகியவர்களுக்கு அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரியும். மலேசியாவில் அமைத்த செட்டுக்குள் அவர் வந்து நின்றதும் அந்தச் சில நிமிடங்களுக்கு இடம் ரங்கூனாகிவிடுகிறது.

லுக் பெஸ்ஸோனின் ‘தி லேடி’ (2011) தாய்லாந்தில் எடுத்தது. மிஷல் யோ சூகியாக நடித்தார். அதே ஆண்டு ஜூனில் அவர் யாங்கூன் வந்திறங்கியபோது திருப்பி அனுப்பிவிட்டார்கள். பக்கவாதத்தில் விழுந்த தாயைப் பார்க்க 1988-ல் வரும் மகள், ரங்கூன் பொது மருத்துவமனை, ஆகஸ்ட் 26-ல் ஷ்வேடகோன் மேற்கு வாசலில் திரண்ட ஜனம் என்று வரலாறு வரிசையாக வருகிறது. வரலாறு சொல்லும் இடங்களில் படம் பாடப்புத்தகமாகி விறைத்துப்போகிறது. மனதில் நிற்பது தொலைபேசிதான். ஆக்ஸ்போர்டிலிருந்து கணவர் பேசுவார். பேச்சு நடுவில் அறுந்துபோகும். ட்ரங்க் கால் போட்டுவிட்டு இணைப்புக்குக் காத்திருந்த தலைமுறைக்கு அந்த அறுபடல் வெறும் காட்சியல்ல. பெஸ்ஸோன் எண்பதுகளைத் தொட்டது அங்கே மட்டும்தான்.

தமிழ்ப் படத்துக்கும் இந்த ஊரோடு பழைய உறவு உண்டு. ‘பராசக்தி’ குடும்பத்து அண்ணன்மார் ரங்கூனில்தான் இருந்தார்கள். 1964-ல் கடைகள் அரசுடைமையாகி, கப்பலேறிச் சென்னைக்குப் போன பர்மாத் தமிழர்களுக்காக 1969-ல் ராஜாஜி சாலையில் பர்மா பஜார் உருவானது. எண்பதுகளில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு டேப் ரெக்கார்டரும் வீடியோ டெக்கும் போய்ச் சேர்ந்த பெரிய வாசல் அது. ரங்கூனில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போனவர்கள்தான் மற்றவர்களின் வரவேற்பறைக்கு அந்தப் பத்தாண்டைக் கொண்டு சேர்த்தார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. ராஜ்குமார் பெரியசாமியின் ‘ரங்கூன்’ (2017) அந்தக் கடைவீதிப் பையன்களின் கதை. முதல் பாதியில் பஜாரின் பேச்சும் நடையும் அசலாக இருக்கின்றன. தங்கக் கடத்தல் வேகம் பிடித்ததும் மனிதர்கள் பின்னுக்குப் போய்விடுகிறார்கள். பர்மா பஜாரின் எண்பதுகளுக்கு மட்டுமே இன்னொரு படம் வேண்டும்.

ரங்கூனின் எண்பதுகளை அறிய வேண்டும் என்று யாராவது கேட்டால் முதலில் ‘திங்ஜான் மோ’, பிறகு ஊ ஆங் கோவுக்காகப் பூர்மனின் படம் என்று சொல்வேன். ‘தி லேடி’க்கு அவசரமில்லை.

இந்த ஊரில் எடுக்க ஆட்கள் இல்லாமல் இல்லை. 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு இளைஞர்கள் சிலர் சிறுசிறு துண்டுகளாக எடுத்துக் கோத்த ‘மியான்மர் டைரீஸ்’ 2022 பெர்லின் விழாவில் ஆவணப்பட விருது பெற்றது. உயிருக்கு ஆபத்து என்பதால் எடுத்தவர்கள் பெயர் போடவில்லை. அவர்களில் ஒருவர் ஒருநாள் இங்கேயே கேமரா வைத்து 1988-ஐ எடுத்தால், ஆகஸ்ட் 8 ஊர்வலத்தில் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். சந்தா வின் தேநீர்க்கடையில் தொடங்கட்டும். செல்லாமல் போன நோட்டைப் பற்றிய பேச்சு ஒரு மேசையில், பரீட்சையைப் பற்றிய பேச்சு இன்னொரு மேசையில் ஓடட்டும். கேசட்டை மாற்றச் சொல்லும் மாணவனுக்கும் மாற்றாதே என்பவனுக்கும் நடக்கும் சண்டையை அவசரப்படாமல், இரண்டு பக்கத்துப் பையன்களையும் நேசித்து எடுக்க வேண்டும். அந்த இரவில் யாரும் வரலாற்றுக்காக வரவில்லை. தேநீர் குடித்துக்கொண்டே தங்களுக்குப் பிடித்த பாட்டைக் கேட்கத்தான் வந்திருந்தார்கள்.