ஒரு புதிர்த்தாளும் சில முத்திரைகளும்

பனிக்காலத்து ஞாயிறு பின்னேரம். லா ஷோ-து-ஃபோன் ஆயிரம் மீற்றர் உயரத்தில் இருக்கும் மணிக்கூட்டு நகரம். பனி கொட்டத் தொடங்கினால் இங்கே ஆட்கள் வீட்டுக்குள் முடங்கிவிடுவார்கள். வீட்டுக்கு வந்திருந்த நண்பரின் மகள், பதினாலு வயது, ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். வேறொரு நகரத்தில் எம்மவர் நடத்திய கலைவிழாவில் வைத்த கர்நாடக இசைப் புதிர்ப்போட்டியின் வினாத்தாள் அது. முப்பது புதிர்கள். 'குருவின் குகைக்குள் ஒளிந்திருப்பவர் யார்?' என்பது ஒன்று. 'பெயரிலேயே அறுபத்தைந்தைச் சுமக்கும் இராகம் எது?' என்பது இன்னொன்று. முப்பதுக்கும் சரியான விடை எழுதி முதற்பரிசு வாங்கியிருந்தாள்.

"தீட்சிதரின்ரை பாட்டு ஏதாவது கேட்டிருக்கிறியா, பிள்ளை?" என்று கேட்டேன்.

"இல்லை மாமா. விடையெல்லாம் முதலே அடிச்சுத் தந்தவை. பாடமாக்கினனான்."

அவளில் குறையில்லை. என் விமர்சனம் அந்தத் தாளைப் பற்றியது.

முத்திரை என்பது பாடலை ஆக்கியவர் பாடலுக்குள்ளேயே வைத்துவிட்டுப் போகும் அடையாளம். திருவாரூரில் பிறந்த மூவரில் தியாகராஜர் தன் பெயரையே வைத்தார். சியாமா சாஸ்திரி 'சியாமகிருஷ்ண' என்று வைத்தார். முத்துசுவாமி தீட்சிதர் 'குருகுஹ' என்று வைத்தார். வாயிலிருந்து காதுக்குப் போன இசையில், பாடுபவர் ஆக்கியவரை மறந்துவிடாதிருக்க இது ஒரு வழி. தீட்சிதர் பல இடங்களில் இராகத்தின் பெயரையும் சாகித்தியத்தின் பொருளோடு இழைத்துவிடுவார். இராகத்தை அறிந்தவர் அந்தச் சொல் வரும்போது தனக்குள் சிரித்துக்கொள்வார். ஆக, இந்தப் புதிர் கேட்பவருக்காகப் போடப்பட்டது.

எண் புதிர் வேறு வகையானது. 17ஆம் நூற்றாண்டில் வேங்கடமகி 72 மேளங்களை வகுத்தார். பின்வந்தோர், இராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளே மேளத்தின் எண்ணைச் சொல்லும்படி, சில பெயர்களுக்கு முன்னால் சொற்களையும் சேர்த்தார்கள். கடபயாதி என்பது அந்த முறை. கல்யாணி மேசகல்யாணி ஆனது இப்படித்தான். 'ம' ஐந்து, 'ச' ஆறு. திருப்பிப் போட்டால் 65.

எமது சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இந்தக் கணக்கு சமஸ்கிருத நெடுங்கணக்கில் கட்டப்பட்டது. அங்கே க-வரிசையின் நான்கு ஒலிகளுக்கு ஒன்று முதல் நான்கு வரை தனித்தனி எண்கள். தமிழில் நான்குக்கும் ஒரே எழுத்து. கரகரப்பிரியாவின் முதலெழுத்து அங்கே இரண்டாவது 'க'. அதனால் 22ஆவது மேளம். தமிழில் எழுதி முதலாவது 'க'வாக எண்ணினால் 21 வரும். அதுவோ கீரவாணி! தீரசங்கராபரணத்தை அப்படியே எண்ணினால் 29க்குப் பதில் 26 வந்து சாருகேசியில் நிற்கும். குறை தமிழெழுத்தில் இல்லை. வேறொரு பூட்டுக்குச் செய்த திறப்பு இது. இதை ஒரு வரியிலாவது சொல்லாமல் தமிழில் அச்சடித்துக் கொடுத்தால், பிள்ளைக்குப் பாடமாக்குவதைத் தவிர வேறு வழி ஏது? ஆனால் கரகரப்பிரியாவும் கீரவாணியும் தைவதத்திலும் நிஷாதத்திலும் வேறுபடுகின்றன. இரண்டையும் அடுத்தடுத்துப் பாடிக்காட்டினால் எழுத்துத் தெரியாத பிள்ளைகூட வேறு என்று சொல்லிவிடும்.

மேற்கத்திய இசையிலும் புதிர் உண்டு. இந்த நகரத்தின் இசைமண்டபம் 1955இல் திறக்கப்பட்டது. ஒலியமைப்புக்குப் பெயர்போனது; இங்கே வந்து இசைத்தட்டுப் பதிவு செய்த பெருங்கலைஞர்கள் பலர். அத்தகைய மண்டபங்களில் அடிக்கடி ஒலிக்கும் பெயர் பாக். தன் பெயரின் நான்கு எழுத்துகளையும் ஜேர்மன் முறைப்படி நான்கு சுரங்களாக்கி, முடிவுறாத தன் கடைசிப் பெரும் படைப்பில் வைத்தவர். 1747இல் பிரஷ்ய மன்னர் தந்த மெட்டை வைத்து ஆக்கிய 'இசைக் காணிக்கை'யில், ஒருவர் பின் ஒருவராக ஒரே மெட்டை எடுக்கும் பகுதிகள் உண்டு. சிலவற்றில் இரண்டாமவர் எங்கே நுழைவது என்று எழுதாமலே விட்டார். தேடிக் கண்டுபிடி என்பதே குறிப்பு. வாசித்து வாசித்துப் பார்த்தால்தான் அந்த இடம் அகப்படும்.

எம்மிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. இணுவிலைச் சேர்ந்த ந. வீரமணி ஐயர், 2003இல் காலமானவர், சென்னையில் படித்த காலத்தில் மயிலாப்பூர் அம்பாள்மீது எழுதிய 'கற்பகவல்லி' பாடல். ரி. எம். சௌந்தரராஜனின் குரலில் அதைக் கோயில் ஒலிபெருக்கியில் கேட்காமல் வளர்ந்தவர் எம்மில் குறைவு. ஆனந்தபைரவி, கல்யாணி, பாகேஸ்ரீ, ரஞ்சனி என்று நான்கு இராகங்களில் நகரும் பாடல் அது. ஒவ்வொரு இராகத்தின் பெயரும் அம்பாளை விளிக்கும் சொல்லாகவே வந்துபோகும். தீட்சிதர் செய்ததை எங்கள் ஊர்க்காரர் எங்கள் மொழியில் செய்திருக்கிறார். முப்பது புதிரில் ஒன்றிலும் அவர் இல்லை.

அன்று அந்தப் பாடலைப் போட்டேன். "மெட்டு மாறுற இடத்திலை கையை உயர்த்து" என்று மட்டும் சொன்னேன். மூன்று மாற்றங்களில் இரண்டைப் பிடித்தாள். திரும்பப் போட்டபோது மூன்றாவதும் அகப்பட்டது. பிறகு சொற்களைக் கவனிக்கச் சொன்னேன். 'கல்யாணி' வந்ததும் நிமிர்ந்தாள். "இது அந்த அறுபத்தைந்தோ மாமா?"

"ஓம், அதுதான்."

பிள்ளைகள் பெயர்களையாவது அறியட்டும் என்று விழாக்காரர் சொல்லக்கூடும். அதில் நியாயம் உண்டு. மண்டபம் எடுத்து, வேலை முடிந்த களைப்போடு கதிரை அடுக்கி இதைச் செய்பவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பெயர்ப் பட்டியலாக மட்டும் கொடுக்கப்படும் கலை, பரிசளிப்பு முடிந்ததும் உதிர்ந்துவிடும். பிரெஞ்சிலும் ஜேர்மனிலும் படித்து வளரும் எம் பிள்ளைகளுக்கு எழுத்து தடையாகலாம், காது தடையாகாது. அடுத்த வருடத் தாளில் முப்பதில் ஐந்தையாவது ஒலித்துக் காட்டிக் கேளுங்கள்.

அவள் புறப்படும்போது அந்த வினாத்தாளை மேசையில் மறந்துவிட்டுப் போனாள். பாடலின் பெயரை மட்டும் கைத்தொலைபேசியில் எழுதிக்கொண்டு போனாள்.