போன வீட்டுக் கணக்கைச் சுமக்கும் ரேடான் மீட்டர்

வீட்டுக் காற்றில் இருக்கும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவை அளக்கும் இந்த மீட்டரில் எனக்குக் கோபம் வரவைக்கும் விஷயம் ஒன்றே ஒன்றுதான். பின்பக்கத்தில் குண்டூசி முனை மட்டுமே நுழையும் ஒரு துளை. ரீசெட் பொத்தான் அதற்குள் இருக்கிறது. கையேட்டைக் கடைசிவரை படிப்பவருக்குத்தான் அது இருப்பதே தெரியும்.

ஒரு மீட்டரை வாங்கி ஒரே வீட்டில் வைத்துக்கொள்பவருக்கு இது பெரிய குறையல்ல. எங்கள் நிலைமை வேறு. பென்சில்வேனியாவில் என் மகள் படிக்கும் பள்ளியின் அறிவியல் மன்றம் இந்த மீட்டர்கள் சிலவற்றை வாங்கி, குளிர்காலத்தில் மாணவர்களுக்கு முறைபோட்டுக் கொடுக்கிறது. அவரவர் வீட்டு பேஸ்மென்டில் வைத்து அளந்துவிட்டு அடுத்தவரிடம் தர வேண்டும். இந்த மாநிலத்தில் தொழிலாக அடுத்தவர் வீட்டை அளந்து சொல்லச் சான்றிதழ் வேண்டும். சொந்த வீட்டை அளக்க எதுவும் வேண்டாம். அதனால் பிள்ளைகள் தங்கள் வீட்டைத் தாங்களே சோதிப்பது சரியான ஏற்பாடு. மன்றத்துக்கு உதவும் பெற்றோரில் நானும் ஒருவன் என்பதால் இந்தக் குளிர்காலம் முழுக்க மீட்டர்கள் என் வழியாகத்தான் போய்வந்தன.

ரேடான் விவகாரம் அமெரிக்காவில் வெடித்ததே இந்த மாநிலத்தில்தான். 1984 டிசம்பரில், இன்னும் மின் உற்பத்தியே தொடங்காத லிமரிக் அணுமின் நிலையத்தில், ஸ்டான்லி வாட்ராஸ் என்ற பொறியாளர் கதிரியக்கச் சோதனைக் கருவியைக் கடந்தபோதெல்லாம் அபாயமணி அடித்தது. வேலைக்கு உள்ளே நுழையும்போதே அடித்தது என்பதுதான் முக்கியம். தேடிப் போனால் கதிரியக்கம் அவர் வீட்டிலிருந்து வந்திருந்தது. அங்கே ரேடான் லிட்டருக்குச் சுமார் 2,700 பிக்கோகியூரி. இன்று நான்கைத் தொட்டாலே வீட்டைச் சரிசெய்யச் சொல்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. இந்த வாயுவால் வரும் நுரையீரல் புற்றுநோயில் ஆண்டுக்குச் சுமார் 21,000 அமெரிக்கர்கள் இறக்கிறார்கள் என்பதும் அதன் மதிப்பீடுதான். மண்ணிலும் பாறையிலும் இருக்கும் யுரேனியம் சிதைந்து வரும் இந்த வாயுவுக்கு நிறமோ மணமோ கிடையாது. குளிர்காலத்தில் சூடான காற்று வீட்டுக்குள் மேலே எழும்போது, தரையின் விரிசல் வழியே மண்ணின் காற்றைக் கீழ்த்தளம் உறிஞ்சிக்கொள்கிறது. ஜன்னல் திறந்தே கிடக்கும், பேஸ்மென்டே இல்லாத நம் ஊர் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

மீட்டர் வேலை செய்யும் முறையில் எனக்குக் குறையில்லை. ஆல்ஃபா துகளை எண்ணும் சிலிக்கான் சென்சார், ஒரு சின்னத் திரை, மாதக்கணக்கில் தாங்கும் பேட்டரி. இதே நிறுவனத்தின் பழைய கருவி ஒன்று என் வீட்டில் பல வருடமாக ஓடுகிறது; ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை. அந்த மதிப்பில்தான் மன்றத்துக்கும் இதையே சொன்னேன்.

திரையில் பெரிய எழுத்தில் தெரிவது நீண்டகாலச் சராசரி. கீழே பொடி எழுத்தில் கடந்த ஒரு நாளும் ஏழு நாளும் மாறிமாறி வரும். ரேடான் ஒரே நிலையில் நிற்காது. மழை, காற்று, ஹீட்டர் என்று எதற்கும் ஏறி இறங்கும். எனவே சராசரியை முன்னால் வைத்தது நியாயம். ஆனால் அது எப்போதிலிருந்து எடுத்த சராசரி? மீட்டரை நிறுத்தப் பொத்தான் இல்லை. பேட்டரியைக் கழற்றினாலும் பழைய கணக்கு அழிவதில்லை. துளைக்குள் குத்தினால் மட்டுமே புதுக்கணக்கு. குத்தாவிட்டால் போன வீடு, பள்ளி அலமாரி, புத்தகப்பை எல்லாம் உங்கள் வீட்டுக் கணக்கில் சேரும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ரேடான் 10 உள்ள வீட்டில் முப்பது நாள் இருந்த மீட்டர், 2 மட்டுமே உள்ள வீட்டுக்குப் பத்து நாள் போனால் 8 காட்டும். அந்தக் குடும்பம் வீணாகப் பதறும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். 1 உள்ள வீட்டில் முப்பது நாள் இருந்துவிட்டு 9 உள்ள வீட்டுக்கு வந்தால் பத்தாம் நாள் காட்டுவது 3. நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள்.

இது நடக்கவும் நடந்தது. மன்றத்தில் இருக்கும் ஒரு தமிழ்ப் பையனின் அம்மா போன் செய்தார். "அண்ணா, 2.9தான் காட்டுது. நாலுக்குக் கீழ இருந்தா பயமில்லைன்னு பையன் சொல்றான். எங்க அத்தை ஊர்லேருந்து வந்து கீழ் ரூம்லதான் படுத்திருக்காங்க. அப்படியே விட்டுடலாமா?" படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மேலே பெரிதாக 2.9. கீழே பொடி எழுத்தில், ஏழு நாள் சராசரி 8.6. "இல்லம்மா, அந்தச் சின்ன எழுத்தைப் பாருங்க. அத்தையை இன்னிக்கே மாடிக்கு மாத்திடுங்க" என்றேன். ரேடானை உறிஞ்சும் கரித்தூள் டப்பாவை வைத்துச் சோதித்தபோது ஆய்வகத்திலிருந்து வந்த முடிவும் எட்டுக்கு மேல்.

அந்தக் கரித்தூள் டப்பாவை இப்போது மனதாரச் சிபாரிசு செய்கிறேன். திரை இல்லை, பேட்டரி இல்லை, விலையும் கொஞ்சம்தான். ஜன்னல் கதவுகளைப் பன்னிரண்டு மணி நேரம் முன்பே மூடிவிட்டு, டப்பாவை இரண்டு மூன்று நாள் திறந்து வைத்து, இறுக மூடி உடனே தபாலில் போட வேண்டும். தாமதித்தால் கெட்டுவிடும்; ரேடானின் அரை ஆயுளே 3.8 நாள்தான். முடிவு வரும்வரை காத்திருக்கவும் வேண்டும். ஆனால் ஒரு வீட்டோடு அதன் வேலை முடிந்தது. வேறு யாருடைய காற்றையும் உங்கள் வீட்டுக்குள் கொண்டுவராது.

தயாரிப்பாளர் செய்ய வேண்டியது சிறியது. பொத்தானை வெளியே வையுங்கள். எத்தனை நாள் சராசரி என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே காட்டுங்கள். பள்ளிகளும் நூலகங்களும் இரவல் கொடுக்கும் கருவியில் இதைக்கூட யோசிக்காமல் விட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதுவரை நாங்கள் ஒவ்வொரு மீட்டரிலும் நூலில் ஒரு பேப்பர் கிளிப் கட்டிவிட்டோம். கைமாறும்போது வாங்குகிற மாணவரே குத்தி, தேதியை அட்டையில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

சொந்த வீட்டுக்கென்றால் தாராளமாக வாங்கலாம். அப்போதும் ஒரு சமயத்தில் அந்தத் துளை தேவைப்படும். அந்தப் பையன் வீட்டில் தரைக்கு அடியிலிருந்து கூரைக்கு மேல்வரை குழாய் போட்டு, மண்ணின் காற்றை இழுத்து வெளியேற்றும் ஃபேன் வைத்திருக்கிறார்கள். ஃபேன் ஓடத் தொடங்கியதும் மீட்டரை ரீசெட் செய்யாவிட்டால் பழைய எட்டும் ஒன்பதும் வாரக்கணக்கில் சராசரியைப் பிடித்து வைத்திருக்கும். நன்றாக வேலை செய்யும் ஃபேனைக் கோளாறென்று நினைத்து ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கும். எனவே ஃபேன் சுவிட்சைப் போடுகிற அன்றே கிளிப்பையும் கையில் எடுங்கள்.