மெய்யும் புனைவும்: ‘மேடன்’ ஆட்டத்தின் புதுமைகள்

விளையாட்டு என்பது வாழ்க்கைப் போராட்டத்தை ஒரு சிறு களத்துள் அடக்கிக் காட்டுவது. அவ்விளையாட்டையே மீண்டும் ஒரு திரைக்குள் அடக்கிக் காட்டும் விளையாட்டை எந்த அளவுகோல் கொண்டு மதிப்பிடுவது? அமெரிக்கக் காற்பந்தைத் திரையில் ஆடச் செய்யும் ‘மேடன்’ என்னும் வீடியோ விளையாட்டு இவ்வினாவை எழுப்புகிறது. 1988இல் ஆப்பிள் 2 கணினிக்கென முதலில் வெளிவந்த இவ்வாட்டம், 1990 முதல் ஆண்டுதோறும் புதிய பதிப்பாக வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொரு பதிப்பும் சில புதுமைகளைப் பறைசாற்றியே கடைக்கு வருகிறது. அவற்றுள் எது வளர்ச்சி, எது வெறும் அலங்காரம் என்று பகுத்துக் காண்பது திறனாய்வின் கடன்.

பதினொருவர் வேண்டும்

அமெரிக்கக் காற்பந்து நாம் அறிந்த காற்பந்தன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம்; முன்னே எறியலாம். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். ஒவ்வொரு முயற்சிக்கு முன்பும் இரு அணியினரும் நின்று திட்டம் வகுப்பர். ஓடி மோதும் நேரம் சில நொடிகளே; எண்ணித் துணியும் நேரமே மிகுதி. உடல் வலிமையின் ஆட்டமாகத் தோன்றினும், உள்ளே அது சதுரங்கத்துக்கு நெருங்கிய உறவு.

இவ்வுண்மையை நன்கு உணர்ந்தவர் ஜான் மேடன். 1969 முதல் 1978 வரை ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்து, 1977 ஜனவரியில் சூப்பர் பௌல் வெற்றியைத் தேடித் தந்தவர். பின்னர்த் தொலைக்காட்சி வருணனையாளராகப் புகழ் பெற்றவர். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்த டிரிப் ஹாக்கின்ஸ் அவரை அணுகியபோது, அக்காலக் கணினியின் ஆற்றல் அணிக்கு ஆறு அல்லது ஏழு பேரைத்தான் தாங்கும் நிலையில் இருந்தது. மேடன் இசையவில்லை. அணிக்குப் பதினொருவர் இல்லையேல் அது காற்பந்தே அன்று என்றார். அதனால் ஆட்டம் வெளிவர ஆண்டுகள் சில கடந்தன.

அவர் அழகிய படம் கேட்கவில்லை, ஆரவாரம் கேட்கவில்லை. ஆட்டத்தின் சிந்தனை சிதையாதிருக்க வேண்டும் என்றே கேட்டார். எழுவரைக் கொண்டு வியூகம் வகுக்கும் முறை வேறு. பதினொருவரைக் கொண்டு வகுக்கும் முறை வேறு அன்றோ? பின்வந்த புதுமைகள் அனைத்தையும் உரைத்துப் பார்க்க இதனினும் சிறந்த உரைகல் இல்லை.

இருவகை வழக்கு

அகப்பாடலுக்கு இலக்கணம் கூறவந்த தொல்காப்பியர் உலகியல் வழக்கு, நாடக வழக்கு என இரண்டைச் சுட்டுகிறார். உள்ளதை உள்ளவாறு கூறுவது முன்னது. சுவைபடப் புனைந்து கூறுவது பின்னது. இரண்டும் இசைந்த இடத்திலேயே பாட்டு பிறக்கிறது. இவ்வளவுகோல் திரை விளையாட்டுக்கும் பொருந்தும்.

2003இல் வெளியான பதிப்பில் மைக்கேல் விக் என்னும் வீரருக்கு அளிக்கப்பட்ட வேகம் அளவு கடந்தது. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் அவர். ஆயின் அவரைக் கொண்டு ஆடுபவர் எறிவதைப் பற்றி எண்ண வேண்டியதில்லை, ஓடினாலே போதும். விக் மெய்யாகவே விரைந்தோடும் வீரர்தாம். எனினும் எதிரணியின் வியூகம் எதுவும் அவர்முன் பயன்படாமற் போனதால், எண்ணித் துணியும் வேலை ஆட்டத்திலிருந்து அகன்றது. புனைவு மிகுந்து மெய் நலிந்ததற்கு இது சான்று.

2005இன் பதிப்போ எதிர்த்திசையில் சென்றது. குவார்ட்டர்பேக்கின் பார்வை எங்குச் செல்கிறது என்பதை ஓர் ஒளிக்கூம்பாகத் திரையில் காட்டியது. அக்கூம்புக்கு வெளியே எறிந்தால் குறி தவறும். தேர்ந்த வீரருக்கு அகன்ற கூம்பு. தேறாதவருக்குக் குறுகிய கூம்பு. கருத்து உண்மையானது; நுட்பமானதுங்கூட. நோக்காத திசையில் எவர்தாம் செம்மையாக எறிய முடியும்? ஆயினும் ஆடுவோர் பலர் இதனை விரும்பவில்லை. பின்வந்த பதிப்புகளில் அது கைவிடப்பட்டது. காரணம் என்ன? களத்தில் நிற்கும் வீரர் கண்ணைத் திருப்ப முயல்வதில்லை. அது தானே திரும்புகிறது. திரையின்முன் அமர்ந்தவரோ அதற்கெனத் தனியே பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. சிந்தனைக்கு உரிய நொடியைக் கைவேலை கவர்ந்துகொண்டது. மெய் இருந்தும் அதனைத் தாங்கும் புனைவு அமையவில்லை.

இரண்டும் ஓரளவு இசைந்தது 2004இல் வந்த ‘ஹிட் ஸ்டிக்’ என்னும் முறை. தடுப்பவர் சிறு கோலொன்றைச் சட்டென அசைத்தால் மோதல் வன்மை பெறும். பந்து எதிரியின் கைநழுவவும் கூடும். நேரம் தப்பினால் எதிரி நழுவி ஓடிவிடுவார். ஆதாயமும் ஆபத்தும் ஒருங்கே வருவதால் ஆடுபவர் எண்ணியே துணிய வேண்டும். ஆயின் இதனுள் ஒரு குறையும் உண்டு. வன்மோதல் பரிசுக்குரியதாயிற்று, அதன் விலை மறைந்தது. அக்குறையை ஓரளவு நிரப்பியது 2011இன் பதிப்பு. தலையில் அடிபட்டு மூளை அதிர்வுற்ற வீரர் அவ்வாட்டத்தில் மீண்டும் இறங்க இயலாது என்னும் விதி அதில் இடம்பெற்றது. ஆரவாரமற்ற சிறு மாற்றம். ஆனால் ஆடும் இளைஞருக்கு அறம் புகட்டிய மாற்றம்.

அண்மைக் காலப் புதுமைகள்

2019இல் வந்த ‘எக்ஸ் ஃபேக்டர்’ முறை, பேட்ரிக் மஹோம்ஸ் போன்ற சிறந்த வீரர்க்குக் குறித்த நிபந்தனையை நிறைவேற்றியதும் தனியாற்றல் அளிக்கிறது. இது பெரும்பாலும் நாடக வழக்கே. 2022இல் வந்த எறிமுறை வேறு வகையது. எறியும் விசையையும் குறியையும் ஆடுபவரே அளந்து தேர்ந்து, பந்தைப் பெறுவோரின் எப்பக்கம் அனுப்புவது என்றும் துணியலாம். 2005இல் தோற்ற நோக்கம் இங்கே வேறு வடிவில் உயிர்பெற்றது எனலாம். 2024இல் தேசியக் காற்பந்துக் கழகம் தொடக்க உதைக்குப் புதிய விதி வகுத்தபோது, அவ்வாண்டுப் பதிப்பும் அதனை ஏற்றது. களத்தில் பயிற்சியாளர் எதிர்நோக்கிய புதிரையே இல்லத்தில் ஆடுவோரும் எதிர்நோக்கினர்.

ஆயினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. 2004இல் போட்டி நிறுவனமொன்று இத்தகைய ஆட்டத்தை 20 டாலருக்கு விற்றது. அவ்வாண்டு டிசம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கழகத்தோடு தனியுரிமை ஒப்பந்தம் செய்துகொண்டது. கழக அணிகளின் பெயரோடு பிறர் இத்தகைய ஆட்டம் வெளியிடும் வழி அடைபட்டது. ஒப்பிடப் பிறிதொன்று இல்லாத இடத்தில் புதுமை என்பது எளிதில் பெயரளவினதாகிவிடும்.

ஆகவே ஆண்டுதோறும் வரும் பதிப்பை வாங்குவோர் கேட்கவேண்டிய வினா ஒன்றே: இப்புதுமை ஆடுபவரை முன்னிலும் ஆழமாக எண்ணச் செய்கிறதா? ஆம் எனின் அது வளர்ச்சி. இல்லையெனின், உறை மாற்றிய பழம் பொருளே. 2021 டிசம்பரில் மறைந்த மேடன், பதினொருவர் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றது இவ்வேறுபாட்டுக்காகவே.