படிக்காத நூலுக்கு மதிப்புரை

நூல் மதிப்புரை இதழியலின் ஒரு சிறு கிளையே. ஆயினும், நாளிதழின்மேல் வாசகர் வைக்கும் நம்பிக்கை எதனைப் பற்றி நிற்கிறது என்பதை 2025ஆம் ஆண்டில் அச்சிறு கிளையே தெளிவுறக் காட்டிற்று.

அவ்வாண்டு மே மாதம் 18ஆம் நாள், அமெரிக்காவின் 'சிகாகோ சன்-டைம்ஸ்' நாளிதழ் கோடைக்கால இணைப்பொன்றை வழங்கியது. விடுமுறையில் படிக்கத்தக்க 15 நூல்களின் பட்டியல் அதில் இடம்பெற்றது. ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியர் பெயரும், ஓரிரு வரிகளில் கதைச் சுருக்கமும் இருந்தன. அவற்றுள் 10 நூல்கள் எவராலும் எழுதப்படாதவை! ஆசிரியர்கள் மெய்யானவர்கள், நூல்களே பொய்.

சிலி நாட்டு எழுத்தாளர் இசபெல் அயெந்தேயின் பெயரில் 'டைட்வாட்டர் டிரீம்ஸ்' என்னும் புதினம் முதலிடத்தில் நின்றது. கடல்மட்டம் உயர்வதை எதிர்கொள்ளும் ஒரு குடும்பத்தின் கதையாம். அடுத்து நின்றது, ஆண்டி வியர் எழுதியதாகக் கூறப்பட்ட 'தி லாஸ்ட் அல்காரிதம்'. செயற்கை நுண்ணறிவு ஒன்று தன்னுணர்வு பெற்று, உலக நிகழ்ச்சிகளை மறைவாக இயக்குவதை நிரலாளர் ஒருவர் கண்டறிகிறார் என்பது அதன் பொருள். எந்திரம் தன்னைப் பற்றியே புனைந்துகொண்ட கதைபோலும்!

இப்பொய்கள் தாறுமாறானவை அல்ல என்பது கருதத்தக்கது. அயெந்தே குடும்பக் கதையில் மாய நடப்பியலைக் கலப்பவர். வியர் அறிவியற் புனைகதையில் வல்லவர். அவரவர் எழுதக்கூடியதையே பொறி அவரவர்மேல் ஏற்றியுள்ளது. திரளான எழுத்துகளில் பயின்று, ஒரு சொல்லை அடுத்து வரத்தக்க சொல் எதுவெனக் கணித்துக் கோப்பதே இம்மொழிப்பொறியின் தொழில். பொய்யன் மெய்யை அறிந்து மறைப்பவன். பொறிக்கோ மறைத்தற்கு ஏதும் இல்லை. ஆதலின் பொறியைப் பொய்யன் என்று ஏசிவிட்டு அமைவது ஆராய்ச்சி ஆகாது.

மதிப்புரை ஒருவகைச் சாட்சியம். நூலைப் படித்த ஒருவர், தம் பெயரைப் பிணையாக வைத்துப் பிறர்க்கு அதனைப் பரிந்துரைக்கிறார். களத்துக்குச் செல்லாமல் செய்தி எழுதுபவரும் நூலைத் திறவாமல் மதிப்புரை எழுதுபவரும் ஒரே குற்றம் புரிபவரே. பொறி வருமுன்னரே, அட்டையையும் பொருளடக்கத்தையும் மட்டும் நோக்கி அணிந்துரை வழங்கிய பெரியோர் தமிழுலகிலும் இல்லாமற் போகவில்லை. ஆயினும், அவர்கள் புகழ்ந்த நூலாவது மேசைமேல் இருந்தது.

சிகாகோப் பட்டியலை எழுதியவர் இதழின் பணியாளர் அல்லர். தனித்து எழுதும் வெளி எழுத்தாளர். செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியதையும், அது தந்தவற்றைச் சரிபாராமல் விட்டதையும் அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். ஹெர்ஸ்ட் நிறுவனத்தைச் சார்ந்த 'கிங் ஃபீச்சர்ஸ்' அவரிடம் அதனைப் பெற்று இதழ்களுக்கு விற்றது. 'பிலடெல்பியா இன்குவயரர்' இதழிலும் அது வெளிவந்தது. எழுதியவர், விற்றவர், அச்சிட்டவர் என மூன்று வாயில்களை அப்பட்டியல் தடையின்றிக் கடந்தது. ஒரு நூலகப் பட்டியலைச் சிறுபொழுது புரட்டியிருந்தாலே பிழை வெளிப்பட்டிருக்கும். அதனைக் கண்டறிந்தவர்கள் வாசகர்களே.

தம் செய்தி ஆசிரியர் குழு அவ்விணைப்பை ஆக்கவும் இல்லை, அதற்கு இசைவு அளிக்கவும் இல்லை என்று 'சன்-டைம்ஸ்' விளக்கியது. அவ்வாண்டின் மார்ச் மாதத்தில் அதன் பணியாளருள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் ஈட்டுத்தொகை பெற்று விலகியிருந்தனர் என்பது உண்மை, அந்நிலை இரங்கத்தக்கதே. ஆனால், அவ்விளக்கம் பிழையைக் காட்டிலும் மிகுந்த கவலை தருகிறது. வாசகர் நம்பியது இணைப்பை விற்றவரை அன்று. அதன் தலைப்பில் இருந்த நாளிதழின் பெயரை. ஆசிரியர் எவரும் பாராத தாளுக்கு அப்பெயரை இரவல் கொடுத்தது யார்? இனி, வெளியார் ஆக்கங்களை அவ்வாறே குறித்து வெளியிடுவதாக இதழ் உறுதி கூறியது. ஆக்கம் எங்கிருந்து வந்தது என்பதை அக்குறிப்பு சொல்லும். அதனை எவரேனும் படித்துப் பார்த்தனரா என்பதைச் சொல்லாது.

பட்டியலின் இறுதியில் நின்ற 5 நூல்கள் மெய்யானவை. பிரான்சுவா சகான் 1954இல் வெளியிட்ட 'போன்ழூர் திரிஸ்தெஸ்', ரே பிராட்பரியின் 1957ஆம் ஆண்டு நூலான 'டாண்டிலியன் வைன்', இயன் மக்யுவனின் 'அடோன்மென்ட்' ஆகியன அவற்றுட் சில. பல்லாண்டுகளாகப் படிக்கப்பட்டுவரும் இந்நூல்களையும், உண்மையிலேயே உள்ளனவா என்று நூலகத்தில் தேடிப் பார்த்த பின்னரே அவ்வாசகர் நம்ப வேண்டியதாயிற்று.