பரிந்து பேசுகிறவர்கள்

‘அட்வகசி’ என்பதற்கு நம்ம ஊர்த் தொண்டு நிறுவனங்கள் வைத்திருக்கிற தமிழ் ‘பரிந்துரை’, ‘பரிந்து பேசுதல்’. பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் பிதாவிடம் பாவிகளுக்காகப் பேசும் கிறிஸ்துவுக்குரிய சொல் அது. பாவி நேரே பேச முடியாது, நடுவில் ஒருவர் நிற்கணும். திருச்சபை சார்ந்த நிறுவனங்களில் இதுவே சம்பளமுள்ள வேலையாகிவிட்டது. நடுவில் நிற்பது யார், பாவியின் இடத்தில் நிறுத்தப்படுவது யார்?

அந்த வேலையால் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2000இல் தொடங்கிய சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலைப்பின்னலுக்கு டென்மார்க்கின் டான்சர்ச்எய்ட் போன்ற சபை நிறுவனங்கள் தோள் கொடுத்தன. ஐ.நா.வில் ஆலோசனைத் தகுதி கேட்டு 2008இல் அது போட்ட மனுவை, நூற்றுக்கு மேல் கேள்வி கேட்டே இந்திய அரசு 2022 டிசம்பர் வரை இழுத்தடித்தது. பதினாலு வருசம் சலிக்காமல் பதில் எழுதியவர்களை லேசில் தள்ளிவிட முடியாது.

சிக்கல் மொழியில் இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோட்டு நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ‘கேம்ப் கூலி’ என்பார்கள். மூணு வருசம் ஆலை விடுதியில் அடைபட்டு உழைத்தால் கடைசியில் கல்யாணத்துக்கென்று மொத்தமாக ஒரு தொகை. நடுவில் நின்றுவிட்டால் அதுவும் பெரும்பாலும் கைக்கு வராது. இதை ஐரோப்பாவுக்கு எடுத்துச் சொன்ன 2011ஆம் வருட அறிக்கை ‘கேப்சர்டு பை காட்டன்’. நெதர்லாந்தின் சோமோ முதலிய அமைப்புகள் போட்டது. சபை வெளியீடு அல்ல; ஆனால் சபை நிறுவனங்களும் இந்த நடையில்தான் எழுதுகின்றன. சுரண்டப்பட்ட தலித் சிறுமிகள் ஐரோப்பிய, அமெரிக்கச் சந்தைக்கு ஆடை தைக்கிறார்கள் என்கிறது துணைத்தலைப்பு. ‘சுரண்டப்பட்ட’ என்பது செயப்பாட்டு வினை. சுரண்டியவர் வாக்கியத்தில் இல்லை. சிறுமிக்குச் சாதி இருக்கிறது, முதலாளிக்கு இல்லை. எம்.ஏ.யில் சொல்லிக்கொடுத்த இலக்கணம் இங்கேதான் நமக்கு உதவுது.

சூலூர்ப் பக்கம் மில்லில் இருந்துவிட்டு வந்த அருந்ததியர் அக்கா ஒருவருக்கு இப்படியொரு அறிக்கையை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, “ஏந்தம்பி, அந்தச் சூப்பர்வைசர் பேரு அதுல இருக்குதா?” என்றார். இல்லை.

இன்னொன்று. சபைக்குள்ளிருந்து பேசுகிறவர் தலித் கிறிஸ்தவர் என்றால், 1950 ஆணைப்படி அவரே பட்டியல் சாதி கிடையாது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரை. ஜெனீவாவில் தலித்துக்காகப் பேசுகிறவர் நம்ம தாலுக்கா ஆபீசில் பி.சி. சபைக்குள்ளே மட்டும் என்ன வாழ்கிறது? உயர்பொறுப்புகளில் தலித்துகள் மிகக் குறைவு என்று 2016இல் கத்தோலிக்க ஆயர் பேரவையே ஒப்புக்கொண்டது.

வேறொரு மொழியும் வந்திருக்கிறது. திருப்பூர் ஈஸ்ட்மேன் கம்பெனியின் திண்டுக்கல் ஆலையில் வேலை பார்த்த தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார், சூப்பர்வைசர் கைதானார். தலித் பெண்கள் தலைமை தாங்கும் டி.டி.சி.யூ. சங்கம் 2022 ஏப்ரலில் நிர்வாகத்தோடும் எச் அண்ட் எம் கம்பெனியோடும் ஒப்பந்தம் போட்டது. வெளிநாட்டு அமைப்புகளும் கூட நின்றன. ஆனால் அந்தத் தாளில் சங்கம் ஒரு தரப்பு, ‘பயனாளி’ அல்ல. சங்கம் பயிற்சி கொடுத்த தொழிலாளிப் பெண்களே ஆலைக்குள் கண்காணிப்பாளர்கள். இன்னார் இப்படிச் செய்தார் என்று பேர் சொல்லிப் புகார் கொடுக்கலாம், கொடுத்தவரைப் பழிவாங்கக் கூடாது. நிர்வாகம் மீறினால் ஆர்டரில் கை வைக்கலாம் என்று ஷரத்தும் எழுதி வாங்கினார்கள்.