வளர்நிலைப் பொதிகளின் பெயரிடல்: ஒரு மதிப்பீடு

வெளியீட்டுக்கு முன், அன்றைய தேதியில் உள்ள மூலநிரலை அப்படியே தொகுத்துத் தருவது ஸ்னாப்ஷாட் அல்லது வளர்நிலைப் பொதி எனப்படுகிறது. காஞ்சிபுரத்தில் காஞ்சி லினக்ஸ் பயனர் குழு தமிழிலேயே இணையவழிச் சந்திப்புகளை நடத்தி வருவதால், இத்தகைய பொதிகளைச் சோதிக்க முன்வரும் மாணவர்கள் இங்கு உண்டு. சோதிப்பவரின் அன்றாட வேலை கெடாமல் இருப்பது பெரும்பாலும் பொதிக்கு வைக்கப்படும் பெயரைப் பொறுத்தது.

டெபியன், உபுண்டு ஆகியவற்றில் எது புதியது என்பதைப் பதிப்பு எண்ணே தீர்மானிக்கிறது. 3.1 வெளிவருவதற்கு முன் தொகுத்த பொதிக்கு 3.1.20240510 என்று பெயரிட்டால், பின்னர் வரும் 3.1, பிழை திருத்திய 3.1.1 ஆகிய இரண்டும் பழையவையாகவே கணினிக்குத் தெரியும். பயனர் அரைகுறைப் பொதியிலேயே தங்கிவிடுவார். பாதுகாப்புத் திருத்தம் வந்து சேராது. அவருக்கு எச்சரிக்கை எதுவும் தோன்றாது என்பதுதான் இதில் மோசமானது. அலைக்குறி இட்டு 3.1~20240510 என எழுதினால் அது 3.1-க்கு முந்தியதாக வரிசைப்படும். நம் வழக்கப்படி நாளை முதலில் எழுதுவதும் ஆகாது. 10052024 என்பது 31122023-ஐ விடச் சிறிய எண் என்பதால், மே மாதப் பொதி முந்தைய டிசம்பர் பொதிக்குப் பின்தங்கிவிடும். தவறிய எண்ணைச் சரிசெய்ய முன்னால் '1:' சேர்க்கலாம், ஆனால் சேர்த்தபின் அதை என்றைக்கும் நீக்க முடியாது.

பொதியின் பெயரையே வேறாக்குவது இன்னும் நல்ல வழி. லிப்ரெஓபிஸ் திட்டத்தின் தினசரித் தொகுப்புகள் 'லிப்ரெஓபிஸ்டெவ்' என்ற பெயரில், தனி அடைவில், தனி அமைப்புகளுடன் நிறுவப்படுகின்றன. டெபியனின் ஜிசிசி-ஸ்னாப்ஷாட் பொதியும் வழக்கமான நிரல்மாற்றியைத் தொடாமல் தனி அடைவில் அமர்கிறது. திருப்பணி நடக்கும் கோயிலில் பாலாலயம் அமைத்து வழிபாட்டைத் தனியே தொடர்வதைக் கண்ட காஞ்சிக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. பயர்பாக்ஸ் 'நைட்லி' பெயரிலும் சின்னத்திலும் வேறுபட்டே இருந்தாலும், ஒவ்வொரு நிறுவலுக்கும் தனிப் பயனர் விவரத்தொகுப்பு என்பது 2019 மே மாதத்தின் 67-ஆம் பதிப்பில்தான் வந்தது. இது தாமதமே.

டெபியன் தன் வளர்நிலைக் கிளைக்கு 'சிட்' எனப் பெயரிட்டது. டாய் ஸ்டோரி படத்தில் பொம்மைகளை உடைக்கும் சிறுவனின் பெயர் அது. குறிப்பு நகைச்சுவையானது, ஆனால் படம் பார்க்காத மாணவருக்கு எதையும் சொல்லாது. 'அன்ஸ்டேபிள்' என்பதை 'நிலையற்றது' எனத் தமிழாக்கினால், அடிக்கடி செயலிழக்கும் என்றே படிப்பவர் எண்ணுவார். அடிக்கடி மாறும் என்பதே அங்கு முதன்மைப் பொருள். ஸ்னாப்ஷாட்டை 'நிழற்படம்' என்றால் திரைப்பிடிப்போடு குழப்பம் வரும். 'வளர்நிலை' என்ற சொல் இவ்விரண்டையும் விடத் தெளிவானது.

பெயரும் அடைவும் பிரிந்த பின்பும் பயனரின் கோப்புகள் பொதுவாகவே இருக்கின்றன. வளர்நிலைப் பொதியில் திறந்து சேமித்த திட்ட அறிக்கை, நிலையான பதிப்பில் அதே வடிவில் தோன்றும் என்பதற்கு உறுதியில்லை. நிறுவல் வழிகாட்டிகள் பல இதைச் சொல்லாமலே விடுகின்றன. சோதனைக்கு ஒரு நகலைத் திறப்பதே பாதுகாப்பு.